தலைக்காயமும் கண்ணசைவுச் சோதனைகளும்

தலையில் அடிபட்டவரின் கண்கள் எப்படி நகர்கின்றன, எப்படி ஓரிடத்தில் நிலைகொள்கின்றன என்பதைப் பார்த்து அவருடைய மூளையின் நிலையை அறியும் மருத்துவ முறை கண்ணசைவுச் சோதனை எனப்படும். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் பார்வைச் சோதனை வேறு, இது வேறு. பலகையின் கடைசி வரி வரை பிழையின்றிப் படிப்பவருக்கும் கண்ணசைவில் கோளாறு இருக்கலாம். நினைவிழந்து கிடப்பவரின் நிலையை அறிய இச்சோதனை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் பாதிப்பை அளக்க அதைப் பயன்படுத்துவது அண்மைக் கால வளர்ச்சி. மருத்துவத்தில் இரண்டாவது பயன் வேரூன்றி வருகிறது. இழப்பீட்டுச் சட்டங்களின் அட்டவணைகளில் அதற்கு இன்னும் தனியிடம் இல்லை.

காக்களூரிலிருந்து பார்க்கும்போது

திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும் உள்ளன. அதே மாவட்டத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் இருக்கிறது. இங்குள்ள தொழிலாளர்களில் பலர் இரு சக்கர வாகனத்தில் ஷிப்டுக்கு வந்து போகிறவர்கள். தலைக்காயம் இயந்திரத்தின் அருகிலும் நேரலாம், ஏணியிலிருந்து விழுந்தும் நேரலாம், வேலை முடிந்து வீடு திரும்பும் சாலையிலும் நேரலாம். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே அதுதான் மிகுதி. அவ்வாண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

பிழைத்தவர்களின் கதை இந்தக் கணக்கில் வருவதில்லை. பொதுவான போக்கு இப்படி இருக்கும்: கீழே விழுந்தவர் சில நிமிடம் நினைவிழக்கிறார். மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள், இரத்தக் கசிவு இல்லை. தையல் போட்டு ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் முற்றிலும் நலமடைந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் தொல்லை தங்கிவிடுகிறது. செய்தித்தாளில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஓடும் பெல்ட்டைப் பார்த்தால் குமட்டுகிறது. ஏணியில் இறங்கும்போது படி இரண்டாகத் தெரிகிறது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பது மேலாளருக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும். ஆகவே வேலைக்குப் போக மனமில்லாமல் சாக்குச் சொல்கிறான் என்ற பேச்சு எழுகிறது. அப்பேச்சுக்கு மறுமொழி சொல்லத்தக்க சான்று ஏதேனும் உண்டா என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

கண்ணை ஏன் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. அவற்றை இயக்குபவை மூன்றாம், நான்காம், ஆறாம் மூளை நரம்புகள். இவற்றில் நான்காவது மிக மெல்லியது. மூளைத்தண்டின் பின்புறமாக வெளிப்படும் ஒரே மூளை நரம்பும் அதுவே. மண்டையோட்டுக்குள் நீண்ட தூரம் சுற்றி வருவதால் அடிபடும்போது எளிதில் நைந்துவிடும். அப்போது கீழ்நோக்கிப் பார்க்கையில் இரட்டைப் பார்வை தோன்றும். படி இறங்குவதும் புத்தகம் படிப்பதும் கடினமாவது இதனால்தான். இத்தகையவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பார். கழுத்து வலி என்று அதற்குத் தைலம் தேய்ப்பதும் உண்டு.

நரம்புகளுக்குப் பின்னால் பெரிய அமைப்பு ஒன்று இயங்குகிறது. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குக் கண் பாய்வது தாவலசைவு. பறக்கும் பறவையை விடாமல் பின்தொடர்வது தொடரசைவு. அருகில் வரும் பொருளை நோக்கி இரு கண்களும் மூக்குப் பக்கம் திரும்புவது குவிதல். தலை குலுங்கினாலும் காட்சி குலுங்காதபடி கண் எதிர்ப்புறம் திரும்புவது உட்செவியின் துணையால் நடக்கும் மறிவினை. இவற்றுக்காக நெற்றிமடல், பக்கமடல், சிறுமூளை, மூளைத்தண்டு ஆகியவையும் அவற்றை இணைக்கும் நீண்ட நரம்பிழைகளும் ஒன்றுசேர்ந்து உழைக்கின்றன. தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது முதலில் இழுபட்டு நைவது அந்த இழைகள்தாம். 1956இல் சபீனா ஸ்ட்ரிச் என்னும் மருத்துவர் கடுமையான தலைக்காயத்துக்குப் பின் இறந்தவர்களின் மூளையில் வெண்பொருள் பரவலாகச் சிதைந்திருப்பதை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். அந்தச் சிதைவு நுண்ணியது. எலும்பு முறிவையும் இரத்தக் கட்டியையும் நன்றாகக் காட்டும் சி.டி. ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரிவதில்லை.

பழைய சான்றுகள்

தலையில் அடிபட்டவரின் கண்ணைக் கவனிக்கும் வழக்கம் மிகப் பழையது. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்னும் எகிப்திய மருத்துவச் சுவடியில், மண்டை நொறுங்கிய ஒருவருக்கு அடிபட்ட பக்கத்துக் கண் கோணியிருப்பதும் அவர் காலை இழுத்து நடப்பதும் சேர்த்துக் குறிக்கப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன், மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது ஒரு பக்கப் பாப்பா விரிந்துவிடுவதை விளக்கினார். இன்றும் அவசரப் பிரிவில் டார்ச் விளக்கோடு தேடப்படும் முதல் அறிகுறிகளுள் அது ஒன்று.

காணாத காயத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு இரயிலோடு பிறந்தது எனலாம். 1866இல் ஜான் எரிக் எரிக்சன் என்ற லண்டன் அறுவை மருத்துவர், இரயில் விபத்தில் சிக்கி வெளிக்காயமின்றித் தப்பியவர்களுக்கு நெடுநாள் நீடிக்கும் நரம்புத் தொல்லைகளைப் பற்றி நூல் எழுதினார். முதுகெலும்பின் உள்ளே அதிர்ச்சி தங்கியிருப்பதாக அவர் கருதினார். 1883இல் இரயில் நிறுவனம் ஒன்றின் மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் அதை மறுத்து எழுதினார். அச்சமும் மனநிலையுமே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் என்பது அவர் வாதம். இருவர் கையிலும் அளவுகோல் இல்லை. இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை திருவள்ளூர் வழியாக 1856ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது.

அளவுகோல் வந்த வழி

கண்ணசைவைக் கருவியால் பதியும் முயற்சி படிப்பை ஆராயப் புறப்பட்டவர்களிடமிருந்து வந்தது. அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜ், கருவிழியில் பட்டுத் தெறிக்கும் ஒளியை நகரும் ஒளிப்படத் தகட்டில் விழச் செய்து, தாமஸ் கிளைன் என்பவருடன் சேர்ந்து 1901இல் கண்ணசைவின் வேகத்தை அளந்தார். கண்ணில் எதையும் ஒட்டாமல் கிடைத்த நம்பகமான முதல் அளவீடுகள் அவை. 1903இல் அசைவு வகைகளை அவர் ஐந்தாகப் பிரித்தார். 1908இல் ஆலன் டீஃபெண்டார்ஃப் என்ற மருத்துவருடன் சேர்ந்து மனநோயாளிகளின் கண்ணசைவைப் பதிந்து, சிலருக்குத் தொடரசைவு குன்றியிருப்பதைக் காட்டினார். படிக்கும் கண்ணை அளக்கப் பிறந்த கருவி நோயாளியின் கட்டிலருகே சென்றது அப்போதுதான்.

அதே காலத்தில் வியன்னாவில் ராபர்ட் பாரனி காது நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். காதில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் தலைசுற்றலோடு கண் ஒரு திசையில் துடிக்கிறது, வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சினால் திசை மாறுகிறது. காதுக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தால் நகர்வதே காரணம் என அவர் ஊகித்தார். உட்செவியும் மூளைத்தண்டும் செயல்படுகின்றனவா என்று அறிய இதைவிட மலிவான சோதனை இல்லை. முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையின் மருத்துவராக இருந்த பாரனி ரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தமக்குக் கிடைத்த செய்தி அவருக்குச் சிறை முகாமில்தான் தெரிந்தது. எதிர் அணியில், பிரான்சில் இருந்த பிரித்தானிய மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் தலையில் குண்டடிபட்ட வீரர்களை நூற்றுக்கணக்கில் பார்த்தார். அக்காலத் தலைக்கவசம் பின்மண்டையைச் சரியாக மூடவில்லை. அதனால் சிறுமூளையிலும் பார்வைப் பகுதியிலும் காயம்பட்டவர்கள் அவரிடம் மிகுதியாக வந்தனர். அவர் எழுதிய குறிப்புகள் இன்றைய நரம்பியல் பாடநூல்களின் அடித்தளம்.

நீடிக்கும் பாதிப்பைப் பொறுத்தவரை சோவியத் ஆய்வு தனியே குறிப்பிடத்தக்கது. அல்ஃப்ரெட் யார்பஸ் என்ற இயற்பியலாளர் உறிஞ்சு கிண்ணம் போன்ற ஒரு சிறு மூடியைக் கண்ணின் மேல் பொருத்தி, அதிலிருந்த ஆடியின் ஒளித்தெறிப்பைப் பதிந்தார். இலியா ரெப்பினின் ஓவியம் ஒன்றை அவர் பயன்படுத்தினார். எதிர்பாராமல் வீடு திரும்பும் ஒருவரைக் குடும்பத்தார் திகைத்துப் பார்ப்பதாக வரைந்த படம் அது. இவர்கள் வயது என்ன என்று கேட்டால் பார்ப்பவரின் கண் முகங்களைத் தேடுகிறது. குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டால் மேசை நாற்காலிகளைத் தேடுகிறது. நரம்பியல் அறிஞர் அலெக்சாண்டர் லூரியாவும் யார்பஸும் 1966இல் வெளியிட்ட ஆய்வில் நெற்றிமடல் பாதிக்கப்பட்ட நோயாளிக்கு அதே படத்தைக் காட்டினார்கள். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அவர் கண் ஏறத்தாழ ஒரே விதமாகவே அலைந்தது. கண் தசை பழுதில்லை, பார்வையும் பழுதில்லை. எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்லும் பகுதி சொல்லவில்லை.

இதை எண்ணால் அளக்க உதவியது 1978இல் பீட்டர் ஹாலெட் வகுத்த எதிர்த்தாவல் சோதனை. ஒரு பக்கம் ஒளிப்புள்ளி தோன்றும்போது அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பள்ளிக் குழந்தைகள் விளையாட்டாகச் செய்யக்கூடியது என்று தோன்றும், ஆனால் நலமானவர்களே இடையிடையே தவறுவார்கள். நெற்றிமடலில் காயம் உள்ளவர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள் என்று 1985இல் டேனியல் கிட்டன் குழுவினர் காட்டினர்.

சென்னையின் தலைக்காய மருத்துவம்

இந்தியாவில் நரம்பு அறுவை மருத்துவத் துறை 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, சீர்காழியில் பிறந்த பா. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். ஸ்கேன் இல்லாத காலம் அது. முதல் நோயாளிக்கு சி.டி. எடுக்கப்பட்டதே 1971இல், லண்டனில்தான். அதுவரை மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று ஊகிக்க மருத்துவருக்கு இருந்தவை நோயாளியின் நினைவு, கை கால் அசைவு, மூச்சு, பாப்பா, கண்ணசைவு ஆகியவையே. திருவள்ளூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரில் உள்ள அந்த மருத்துவமனைக்கே இம்மாவட்டத்தின் கடுமையான தலைக்காயங்கள் நெடுங்காலம் அனுப்பப்பட்டன. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் கண்ணசைவுச் சோதனை சட்ட ஆவணமாகும் இடம் ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி ஒருவர் மூளைச்சாவு அடைந்தார் என்று சான்றளிக்க நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு 6 மணி நேர இடைவெளியில் இரு முறை சோதிக்க வேண்டும். அதற்கான படிவத்தில், தலையைத் திருப்பும்போது கண் எதிர்ப்புறம் நகர்கிறதா என்ற வரியும், காதில் குளிர்நீர் விட்டால் கண் அசைகிறதா என்ற வரியும் உள்ளன. பின்னது பாரனியின் சோதனையிலிருந்து வந்ததே. 2008 முதல் தமிழ்நாடு உறுப்புக் கொடையில் முன்னணிக்கு வந்ததால் இந்தப் படிவம் இங்கு அடிக்கடி நிரப்பப்படுகிறது. உயிர் பிரிந்ததை உறுதிசெய்யக் கண்ணசைவைக் கேட்கும் சட்டம், உயிர் மீண்டவரின் குறையை அளக்கும் அட்டவணையில் அதைக் கேட்கவில்லை.

மீண்டவர்களை அளந்த ஆய்வுகள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் மார்கஸ் ஹைட்கர் குழுவினர் இலேசான தலைக்காயம் பட்டவர்களின் கண்ணசைவை அளந்து வெளியிட்டனர். 2009இல் வந்த அவர்களது ஆய்வு முக்கியமானது. காயம்பட்டு நான்கைந்து மாதம் ஆன பிறகும் தொல்லை தீராத 36 பேரையும், அதேபோல் அடிபட்டு நலமடைந்த 36 பேரையும் ஒப்பிட்டனர். எதிர்த்தாவல், நினைவில் வைத்த வரிசைப்படி கண்ணை நகர்த்துதல், தொடரசைவு ஆகியவற்றில் முதல் குழுவினர் பின்தங்கினர். மனச்சோர்வு, அறிவுத்திறன் வேறுபாடு, வேண்டுமென்றே நடித்தல் ஆகியவற்றைக் கொண்டு இந்தப் பின்னடைவை முழுமையாக விளக்க முடியவில்லை என்று ஆய்வு கூறியது. தாவலசைவு ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் தொடங்கிவிடுவது. அவ்வளவு நேரத்துக்குள் திட்டமிட்டு நடிப்பது எளிதன்று.

2007இல் நியூயார்க்கில் கென்னத் சியூஃப்ரெடா குழுவினர், மூளைக்காயத்துக்குப் பின் பார்வைத் தொல்லையோடு வந்த 160 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து, 90 விழுக்காட்டினருக்குக் கண்ணசைவுக் கோளாறு இருந்ததாக எழுதினர். குவிதல் குறைபாடு அவற்றுள் முதன்மையானது. இந்த 90 என்ற எண்ணைத் தலையில் அடிபட்ட எல்லோருக்கும் பொருத்துவது பிழை. அவர்கள் கண் தொல்லை இருந்ததால் கண் மருத்துவரிடம் வந்தவர்கள்.

எண்களை உரக்கப் படிக்கச் சொல்லி நேரம் கணக்கிடும் கிங்–டெவிக் சோதனை 1976இல் மாணவர்களின் வாசிப்பை ஆராய உருவானது. 2011இல் குத்துச்சண்டை வீரர்களிடம் அதைப் பயன்படுத்தி, தலையில் அடி வாங்கியபின் படிக்கும் நேரம் கூடுவதைக் காட்டினர். அடிபடுமுன் எடுத்த நேரம் கையில் இருந்தால்தான் அது நன்றாகப் பயன்படும். விளையாட்டு அணிகளிடம் அந்தப் பதிவு இருக்கும். தொழிற்பேட்டையில் வேலை செய்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. 2018 டிசம்பரில், மூளை அதிர்ச்சியைக் கண்டறிய உதவும் ஐபாக்ஸ் என்ற கண்ணசைவுக் கருவிக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அது அடிபட்ட சில நாட்களுக்குள் பயன்படுத்துவதற்கானது. ஆண்டுகள் கழித்துத் தங்கியிருக்கும் பாதிப்பை அளக்கும் கருவியாக அதைக் கொள்ளக் கூடாது.

எச்சரிக்கைகள் இதோடு முடிவதில்லை. வலிப்பு வராமலிருக்கத் தலைக்காய நோயாளிகளுக்குத் தரப்படும் ஃபெனிடாயின் மாத்திரை அளவு மிஞ்சினால் விழிநடுக்கத்தை உண்டாக்கும். மதுவும் அப்படியே. இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்தவரின் தாவலசைவு மந்தமாக இருக்கும். முதுமையும் மந்தமாக்கும். மேலும், அடிபட்டபின் வரும் தலைசுற்றல் எல்லாமே மூளையிலிருந்து வருவதில்லை. உட்செவியில் உள்ள நுண்கற்கள் இடம் பெயர்ந்தாலும் படுக்கையில் புரளும்போது உலகம் சுழலும். மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட விதத்தில் சாய்த்துக் கண் துடிப்பைப் பார்த்து அதை அறிந்து, தலையை முறையாகத் திருப்பிச் சில நிமிடங்களிலேயே பலருக்குச் சரிசெய்துவிடுகிறார். மாதக்கணக்கில் வேலை இழந்து கிடந்தவர் இப்படி ஒரே நாளில் எழுந்து போவதும் உண்டு என்பதால், இழப்பீடு கேட்கும் முன்பே இந்தச் சோதனை நடந்துவிட வேண்டும்.

அட்டவணையில் இல்லாத காயம்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் காயங்களை அட்டவணையிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஈட்டுத்திறன் இழப்பை விழுக்காட்டில் தந்தன. கட்டைவிரல் போனால் 30. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால் 30. இரு கண்களும் இருந்து, இரண்டும் பார்த்து, ஆனால் ஒன்றோடொன்று இசைந்து நகராவிட்டால் எவ்வளவு என்பதற்கு அட்டவணையில் வரி இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதே அட்டவணை முறையைத் தொடர்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளிலும் தலைக்காயம் தனி வகையாகப் பெயர் பெறவில்லை.

வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவர் ஈட்டுத்திறன் இழப்பை மதிப்பிடலாம் என்று பழைய சட்டமே இடம் தந்தது. 2010ஆம் ஆண்டில் இ.எஸ்.ஐ. சட்டத்தில் வந்த திருத்தம், வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையே போய் வரும்போது நேரும் விபத்தையும், பணியோடு தொடர்பிருந்தால், பணிக்காயமாக ஏற்றது. ஷிப்டு முடிந்து வண்டியில் விழும் காக்களூர்த் தொழிலாளிக்கு நேரடியாகப் பொருந்தும் திருத்தம் இது. அதே ஆண்டு அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல் ஊனத்தின் விழுக்காடும் ஈட்டுத்திறன் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று தீர்ப்பளித்தது. இடக்கையை இழந்தால் ஓட்டுநருக்கு நேரும் இழப்பு எழுத்தருக்கு நேருவதைப் போன்றதல்ல. கீழே பார்த்தால் இரட்டையாகத் தெரியும் குறையையும் அப்படியே எண்ணிப் பார்க்கலாம். கடையில் உட்கார்ந்திருப்பவர் சமாளித்துவிடுவார், பிரஸ் இயந்திரத்தில் கை வைப்பவரால் முடியாது.

இத்தகைய கோரிக்கைகள் பலவும் தடுமாறும் இடம் காகிதம். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. உயிர் காக்கும் அந்த அவசரத்தில் எழுதப்படும் குறிப்பில் பாப்பாவின் நிலை இருக்கும். குவிதலும் தாவலும் எப்படி என்று எழுத அப்போது நேரமும் இருக்காது, நோயாளியும் ஒத்துழைக்கும் நிலையில் இருக்கமாட்டார். அவை பார்க்கப்பட வேண்டியது சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது. பேனா நுனியை மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, அது எத்தனை செ.மீ. தொலைவில் இரண்டாகத் தெரிகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதலாம். சுமார் 5 அல்லது 6 செ.மீ. வரை இயல்பு. எந்தத் திசையில் பார்க்கும்போது இரட்டையாகத் தெரிகிறது, தலை சாய்ந்திருக்கிறதா, விழிநடுக்கம் உண்டா, அன்று உட்கொண்ட மருந்து எது, முந்தைய இரவு தூங்கினாரா என்பவற்றையும் தேதியோடு சேர்த்துக் குறித்து, மூன்று மாதம் கழித்து அதே அளவுகளை மீண்டும் எடுத்தால், மருத்துவ வாரியத்தின் முன் வைக்க இரண்டு தாள்கள் கிடைக்கும்.